போலீஸ் வந்து சேரும் வரை

(போடிநாயக்கனூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குற்றத் தடுப்பு, தற்காப்பு உரிமை என்று இரண்டு பொருளை ஒரே தலைப்பில் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். போலீஸ் ஒழுங்காக இருந்தால் தற்காப்பு எதற்கு என்பார் ஒருவர். என்னைக் காப்பாற்றிக்கொள்ள எனக்குத் தெரியும், போலீஸ் எதற்கு என்பார் இன்னொருவர். வழக்கறிஞர் தொழிலில் இருக்கும் எனக்கு இரண்டும் ஒரே கேள்விதான். ஆபத்து வந்த நிமிடத்துக்கும் போலீஸ் வந்து சேரும் நிமிடத்துக்கும் நடுவே எவ்வளவு நேரம் இருக்கிறது? போடி பஸ் ஸ்டாண்டில் அது ஐந்து நிமிடமாக இருக்கலாம். பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி, போடிமெட்டைத் தாண்டி, செல்போன் சிக்னல் எட்டாத ஏலத்தோட்டத்தில் ஒன்றரை மணி நேரம் ஆகலாம். அந்த நேரத்துக்குள் நாம் என்ன செய்யலாம் என்பதைத்தான் தற்காப்புச் சட்டம் சொல்கிறது. அந்த நேரத்தைக் குறைப்பது போலீஸின் வேலை. ஒன்று இருந்தால் இன்னொன்று வேண்டாம் என்பதற்கில்லை.

காயிலிருந்து தொடங்குகிறேன். ஏலக்காய் கிளை நுனியில் தொங்குவதில்லை. செடியின் அடியிலிருந்து கிளம்பித் தரையை ஒட்டி நீளும் சரத்தில் காய்க்கிறது. ஒரே சரத்தில் முற்றிய காயும் இருக்கும், பிஞ்சும் இருக்கும், பூவும் இருக்கும். அதனால்தான் காய் எடுக்கப் போகும் பெண்கள் குனிந்து, சரத்தைத் தூக்கிப் பார்த்து, முற்றியதை மட்டும் விரலால் கிள்ளி எடுக்கிறார்கள். ஒன்றரை மாதம் கழித்து அதே சரத்துக்கு மறுபடியும் வருகிறார்கள். இரவில் வரும் திருடனுக்கு அந்தப் பொறுமை ஏது? சரத்தையே அறுத்துச் சாக்கில் அடைத்துக்கொண்டு போகிறான். அந்தச் சுற்றுக் காயோடு அடுத்தடுத்த சுற்றுகளும் போய்விடுகின்றன. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் கிலோ 7000 ரூபாய் வரை விலை போனது நினைவிருக்கும். ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ. அந்த உச்ச விலையில் ஐம்பது கிலோ பச்சைக்காய்ச் சாக்கு ஒன்றுக்கு எழுபதாயிரம் ரூபாய். தோளில் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய எழுபதாயிரம்.

ஆகவே, தோட்டக் காவலுக்கு இருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி: “சார், சரம் அறுக்கிறவனைக் கையும் களவுமாகப் பிடித்தால் வெட்டலாமா?”

கூடாது. ஏன் கூடாது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. பழைய சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த தற்காப்புப் பிரிவுகள் புதியதில் 34 முதல் 44 வரை இருக்கின்றன. எண் மாறியிருக்கிறது, சாரம் பெரும்பாலும் அப்படியே. நம் உடலையும் சொத்தையும் மட்டுமல்ல, அடுத்தவர் உடலையும் சொத்தையும் காக்கவும் நமக்கு உரிமை உண்டு. இதைப் பலர் அறிவதில்லை. பக்கத்தில் வேலை செய்யும் பெண்ணை ஒருவன் கையைப் பிடித்து இழுத்தால், தடுக்கும் உரிமை அந்தப் பெண்ணுக்கு இருக்கிற அளவு உங்களுக்கும் இருக்கிறது.

சொத்தைக் காக்க, எதிராளியின் உயிர் போகும் அளவுக்கும் போகலாம் என்று சட்டம் விடுவது சில குற்றங்களுக்கு மட்டும்தான். அடித்தோ மிரட்டியோ பறிக்கும் கொள்ளை. சூரியன் மறைந்து மீண்டும் உதிப்பதற்குள் வீட்டை உடைத்துப் புகுவது. ஆள் குடியிருக்கும் அல்லது பொருள் வைத்திருக்கும் கட்டடத்துக்குத் தீ வைப்பது. பிறகு, திருட்டோ சேதமோ வீட்டுக்குள் அத்துமீறலோ நடக்கிற விதத்தைப் பார்த்தால் உயிர் போகும், கொடுங்காயம் ஆகும் என்று எவரும் நியாயமாக அஞ்சும் நிலை. குனிந்து சரம் அறுத்துக்கொண்டிருப்பவன் இந்த நான்கிலும் வரமாட்டான். அவனைத் தடுக்கலாம், மடக்கிப் பிடிக்கலாம், சாக்கைப் பறிக்கலாம், அதற்குத் தேவையான பலத்தைக் காட்டலாம். அதே ஆள் அரிவாளோடு உங்கள் பக்கம் திரும்பினால் நிலைமை வேறு. அந்த நொடியில் சொத்தைப் பற்றிய பேச்சு முடிந்து உங்கள் உயிரைப் பற்றிய பேச்சு தொடங்குகிறது. அப்போது 38ஆம் பிரிவு உங்கள் பக்கம் நிற்கிறது. மறுபடியும் அவன் சாக்கைப் போட்டுவிட்டு ஓடத் தொடங்கினால் அந்த உரிமை முடிந்தது. ஓடுகிறவன் முதுகில் விழும் வெட்டு தற்காப்பு ஆகாது. கொலை வழக்காகத்தான் வரும்.

மலையில் இன்னொரு பழக்கம் இருக்கிறது. பன்றிக்கு என்றும் திருடனுக்கு என்றும் சொல்லி, ஈ.பி. லைனில் கொக்கி போட்டு வேலிக் கம்பியில் கரண்ட் விடுவது. முறையான சோலார் வேலி அதிர்ச்சி கொடுத்துத் தள்ளிவிடும். லைனிலிருந்து நேராக எடுக்கும் மின்சாரம் பிடித்து வைத்துக் கொன்றுவிடும். 1960களின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றத்துக்குப் போன செரூபின் கிரிகோரி வழக்கு பீகாரிலிருந்து வந்தது. தன் வீட்டுக் கழிப்பறையை அக்கம்பக்கத்தார் பயன்படுத்துகிறார்கள் என்று, போகும் வழியில் ஒருவர் மின்சாரம் பாயும் வெற்றுக் கம்பியைக் கட்டி வைத்தார். பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் அதில் பட்டு இறந்தார். என் இடத்துக்குள் அத்துமீறி வந்தவர்தானே என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை, தண்டனை உறுதியானது. கம்பிக்குக் கண் கிடையாது. வருவது திருடனா, வழி தவறிய பிள்ளையா, ஆட்டைத் தேடி வந்த கிழவியா என்று அதற்குத் தெரியாது. தற்காப்பு என்றால் ஆபத்தை நேரில் பார்த்து, அளந்து, அதற்கேற்பக் கை ஓங்குவது. வீட்டில் தூங்கிக்கொண்டே அதைச் செய்ய முடியாது.

இவ்வளவு கட்டுப்பாடு சொன்னதால், சட்டம் நம்மைக் கோழையாக இருக்கச் சொல்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். நேர்மாறானது உண்மை. 1837இல் மெக்காலே தலைமையிலான குழு தண்டனைச் சட்ட வரைவைக் கொடுத்தபோது, இந்த நாட்டு மக்கள் கொள்ளைக்காரர்களுக்கு அளவுக்கு மீறிப் பணிந்து போகிறார்கள், எதிர்த்து நிற்க அவர்களை ஊக்கப்படுத்த வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் இந்த உரிமையை அகலமாக வைத்தது. மெக்காலேவோடு எனக்கு ஆயிரம் சண்டை உண்டு. இந்த ஒன்றில் அவருக்கு நன்றி சொல்வேன். தாக்க வருகிறவனுக்கு முதுகைக் காட்டி ஓடித்தான் ஆக வேண்டும் என்று நம் சட்டத்தில் எங்கும் இல்லை. ஓட வழி இருந்ததே என்று மட்டும் சொல்லி ஒருவரைத் தண்டிக்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது.

1950 மார்ச்சில் மத்தியப் பிரதேசத்துக் கட்னி நகரில் மதக்கலவரம். அம்ஜத் கான் என்ற கடைக்காரரின் மனைவியும் பிள்ளைகளும் உள்ளே இருக்கிறார்கள். பக்கத்திலேயே அவருடைய சகோதரரின் இடம் சூறையாடப்பட்டுவிட்டது. கூட்டம் வந்து இவர் கதவைத் தடியால் அடிக்கிறது. அவர் துப்பாக்கியால் சுட்டார், கூட்டத்தில் ஒருவர் செத்தார். கீழ் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது, உயர் நீதிமன்றமும் அதை விட்டுவைத்தது. 1952இல் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. கதவை உடைத்து உள்ளே வந்த பிறகுதான் சுட்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது, அந்தப் பதற்றத்தில் ஒரு மனிதன் ஒவ்வொரு அடியையும் நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான் என்பதுதான் தீர்ப்பின் சாரம். ஆனால் அந்த விடுதலைக்கு அவர் இரண்டு ஆண்டு காத்திருந்தார் என்பதையும் நினைத்துப் பாருங்கள். உரிமை சட்டத்தில் இருந்தது. அதைக் கீழே இருந்தவர்கள் பார்க்க மறுத்தார்கள்.

அதனால்தான் மதுரையில் 2012 பிப்ரவரியில் நடந்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது. குடிபோதையில் வந்து, பெற்ற மகளிடமே தவறாக நடக்க முயன்ற கணவனைத் தாய் ஒருவர் கிரிக்கெட் மட்டையால் அடித்தார். அந்தக் கணவன் இறந்துவிட்டான். வழக்கமாக என்ன நடக்கும்? கைது, ரிமாண்ட், மூன்று மாதமோ ஆறு மாதமோ கழித்து ஜாமீன், பிறகு வருடக்கணக்கில் கொலை வழக்கு. அந்த மகளைப் பார்த்துக்கொள்ள யாரும் இருக்க மாட்டார்கள். மதுரை மாவட்ட எஸ்.பி.யாக இருந்த அஸ்ரா கார்க் விசாரித்துவிட்டு, பழைய 100ஆம் பிரிவின்படி இது தற்காப்பு என்று முடிவு செய்து அந்தத் தாயை விடுவித்தார். 2021 ஜனவரியில் திருவள்ளூர் மாவட்டம் சோழவரம் பகுதியிலும் இப்படித்தான். கத்தியைக் காட்டி மிரட்டி நாசம் செய்ய வந்தவனை எதிர்த்த பத்தொன்பது வயதுப் பெண்ணின் கையால் அவன் இறந்தான். கொலை வழக்கைத் தற்காப்பு என்று மாற்றி அந்தப் பெண்ணைப் போலீஸ் அனுப்பிவைத்தது.

பாலியல் வன்கொடுமைக்காகவோ கடத்திக்கொண்டு போவதற்காகவோ தாக்கினால், ஆசிட் வீசினால் அல்லது வீச முயன்றால், எதிர்த்து அடிப்பதில் உயிர் போனாலும் அது குற்றமில்லை என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஆசிட் பற்றிய வரி 2013இல் சேர்ந்தது. இங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு அம்மாவும் இதைத் தன் மகளிடம் வீட்டில் சொல்ல வேண்டும். மானம் போய்விடும் என்று வாயை மூடச் சொல்லி வளர்த்தது போதும்.

ஒரு நடைமுறை விஷயம். தற்காத்துக்கொண்டேன் என்பதைக் காட்ட வேண்டிய பொறுப்பு அப்படிச் சொல்கிறவருடையது. பயப்பட வேண்டாம், சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. அப்படித்தான் நடந்திருக்கும் என்று தோன்றும் அளவுக்குக் காட்டினால் போதும் என்று 1967இல் முன்ஷி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்த அளவுக்காவது ஆதாரம் வேண்டுமே. கிழிந்த துணியைத் துவைத்துவிடாதீர்கள். உங்கள் உடம்பில் சின்னக் கீறல் இருந்தாலும் அரசு மருத்துவமனையில் காட்டிப் பதிவு செய்யுங்கள். முதலில் பார்த்தவரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். பயந்து மறைத்தாலோ, கம்பைக் கிணற்றில் போட்டாலோ, ஊரை விட்டு ஓடினாலோ, நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் வழக்கு உங்களுக்கு எதிராகத் திரும்பிவிடும். பல வழக்குகள் இப்படித்தான் கெடுகின்றன.

இப்போது கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும். காவல் என்பது இந்தப் பக்கத்தில் புதிதாக வந்தது இல்லை. மதுரை நாயக்கர் காலத்து எழுபத்திரண்டு பாளையங்களில் போடியும் ஒன்று. தன் எல்லைக்குள் களவு போனால் கண்டுபிடித்துக் கொடுப்பது, இல்லையென்றால் ஈடு கட்டுவது பாளையக்காரரின் பொறுப்பு. அதற்குக் கீழே கிராமம் தோறும் காவல்காரர்கள். அறுவடையில் ஒரு பங்கு தானியம் அவர்களுக்கு. மாடு காணாமல் போனால் துப்புக் கொடுத்து மீட்டுத் தருகிறவருக்குத் துப்புக்கூலி. இந்தப் பொறுப்பைப் பல ஊர்களில் பிரமலைக் கள்ளர் சமூகம் ஏற்றிருந்தது. 1816இல் கும்பினி அரசு காவல் அதிகாரத்தைக் கிராமத் தலைவருக்கும் தாசில்தாருக்கும் மாற்றியது. 1859இல் மதராஸ் போலீஸ் சட்டம் வந்தது. ஆனால் எத்தனை ஊருக்கு அந்தப் போலீஸ் வந்து சேர்ந்தது? எட்டாத ஊர்களில் பழைய காவல் அப்படியே நடந்தது. மேலே அரசின் அங்கீகாரம் போய்விட்டது, கீழே தேவை மட்டும் இருந்தது. கேட்பாரில்லாத காவல் சில இடங்களில் மிரட்டலாகவும் மாறியது. காவல் கூலி கொடுக்காத வீட்டில் மாடு காணாமல் போகும் என்ற நிலை.

1896 வாக்கில் திண்டுக்கல் பக்கத்தில் அம்மையப்பக் கோன் என்பவர் முன்னின்று, ஊர் ஊராகக் காவல்காரர்களை விலக்கும் இயக்கம் எழுந்தது. தீ வைப்பாலும் மாட்டுக் களவாலும் நஷ்டப்பட்டவர்களுக்கு ஈடு கட்ட ஊர்ப் பொது நிதி சேர்த்தார்கள். 1906இல் வெளிவந்த பிரான்சிஸின் மதுரை கெசட்டியரில் இதெல்லாம் இருக்கிறது. அந்த வெள்ளைக்கார அதிகாரி ஒரு சமூகத்தையே குற்றவாளியாகப் பார்த்து எழுதியதை நாம் ஏற்க வேண்டியதில்லை. தங்களைத் தாங்களே காத்துக்கொள்ள ஊர்கள் கூடின என்ற செய்தி உண்மை. அப்படி ஊர்கள் கூடியது பல இடங்களில் வீடு எரிப்பிலும் அடிதடியிலும், ஒரு சாதிக்கு எதிராகப் பிற சாதிகள் என்ற நிலையிலும் போய் நின்றது என்பதும் உண்மை.

அரசு அதற்கு என்ன செய்தது? குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1911இல் அந்தச் சட்டம் மதராஸ் மாகாணத்துக்கும் வந்தது. பிரமலைக் கள்ளர் ஊர்களில் ஆண்கள் அனைவரும் கைரேகை வைக்க வேண்டும், இரவில் போலீஸ் கண்காணிப்பில் இருக்க வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று, நமக்குக் கிழக்கே உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில், ரேகை வைக்க மறுத்தவர்களைப் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் இறந்தார்கள். 1947இல்தான் அந்தச் சட்டம் இங்கே ரத்தானது. பிறந்த குலத்தைப் பார்த்துக் குற்றவாளி என்று முத்திரை குத்துவதைக் குற்றத் தடுப்பு என்று எவர் சொன்னாலும், இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவர்கள் அதை ஒப்புக்கொள்ளக் கூடாது. இன்றைக்கும் ஏலக்காய் களவு போனால், மேலே முதலில் சந்தேகத்துக்கு ஆளாவது யார் என்று யோசித்துப் பாருங்கள். பழங்குடிப் பையன், வெளி மாநிலத் தொழிலாளி, பக்கத்து மாநிலத்துக்காரன்.

2018 பிப்ரவரியில் இதே மலைத்தொடரின் வடக்கே அட்டப்பாடியில், அரிசி திருடினான் என்று ஒரு பழங்குடி இளைஞனைக் காட்டுக்குள் தேடிப் பிடித்து, கையைக் கட்டி, படமெடுத்து, அடித்தே கொன்றார்கள். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு நீதிமன்றம் பதினான்கு பேரைக் குற்றவாளிகள் என்றது. அதே 2018 மே மாதம் நம் மாநிலத்தில், போளூர் பக்கத்து அத்திமூரில், குலதெய்வம் கும்பிட வந்த முதியவளைப் பிள்ளை பிடிக்க வந்தவள் என்று ஊரே கூடி அடித்துக் கொன்றது. குழந்தைக்கு மிட்டாய் கொடுத்ததுதான் அவர் செய்தது. இரண்டு இடத்திலும் அடித்தவர்கள் தங்களைக் காவல்காரர்கள் என்றுதான் எண்ணிக்கொண்டார்கள்.

2011 டிசம்பரை மறந்திருக்க மாட்டீர்கள். முல்லைப் பெரியாறு பிரச்சினை முற்றி, இடுக்கித் தோட்டங்களில் வேலைக்குப் போன நம் பெண்கள் அடி வாங்கி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுப் பாதையில் இறங்கி ஓடி வந்தார்கள். அவர்கள் தங்களைக் காத்துக்கொள்ள எதைச் செய்திருந்தாலும் அது நியாயம். இங்கே ஆயிரக்கணக்கில் திரண்டு குமுளி நோக்கிப் போனதும், நம் பக்கத்தில் மலையாளிகள் கடைகள் உடைபட்டதும் அதே கணக்கில் வராது. ஆபத்தில் இருப்பவரின் கைக்குத்தான் சட்டம் உரிமை கொடுக்கிறது. பழிவாங்கக் கூடுகிறவர்களுக்கு அந்த உரிமை இல்லை.

திருடனைக் கண்ணெதிரே பிடித்தால் என்ன செய்வது? குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு சாதாரணக் குடிமகனுக்கும் கைது செய்யும் அதிகாரம் கொடுக்கிறது. பிடியாணை இல்லாமல் போலீஸ் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் விட முடியாத குற்றத்தை நம் கண்முன் செய்தவரைப் பிடிக்கலாம். பிடித்ததும் தாமதிக்காமல், எப்படியும் ஆறு மணி நேரத்துக்குள், போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். இந்த ஆறு மணி நேரம் புதிய சட்டத்தில் வந்தது. காய் உலர்த்தும் ஸ்டோரில் கட்டிப்போட்டு முதலாளி வரும்வரை விடிய விடிய அடிக்கும் வழக்கம் எங்காவது இருந்தால், கட்டிப்போட்டவர்களே குற்றவாளிகள் ஆவார்கள்.

இனி போலீஸ். ரோந்து என்றால் ஜீப்பை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றி வருவது என்று நினைக்கிறோம். 1972–73இல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் சோதித்துப் பார்த்தார்கள். சில பகுதிகளில் ரோந்தை நிறுத்தினார்கள், சிலவற்றில் இரண்டு மூன்று மடங்காக்கினார்கள், சிலவற்றை அப்படியே விட்டார்கள். குற்றத்தில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. பதினைந்து ஆண்டு கழித்து மினியாபொலிஸில் வேறு விதமாகச் செய்தார்கள். திரும்பத் திரும்பக் குற்றம் நடக்கும் குறிப்பிட்ட தெருமுனைகளை மட்டும் எடுத்துக்கொண்டு அங்கே போலீஸை நிறுத்தியதில், அந்த இடங்களில் குற்றமும் ரகளையும் குறைந்தன. நமக்கு இது இன்னும் எளிது. காய் முற்றும் மாதம் தெரியும். சம்பளம் போடும் நாள் தெரியும். பெண்கள் தனியாக நடக்கும் ஒத்தையடிப் பாதை தெரியும். முந்தல் சோதனைச் சாவடியைத் தாண்டாமல் ரோட்டு வழியாகச் சாக்கு கீழே வர முடியாது என்பதும், ரோட்டை விட்டால் எந்தக் கழுதைப் பாதையில் வரும் என்பதும் தெரியும். அந்த நாளில், அந்த இடத்தில், ஸ்டோர்க் கதவில் தொங்கும் பட்டா புத்தகத்தில் ரோந்துக் காவலர் உண்மையாகவே வந்து கையெழுத்துப் போட்டால் போதும். காலையில் ஒரே உட்காரலில் ஏழு நாள் கையெழுத்தையும் போட்டுவிட்டுப் போவதால் ஒரு திருடனும் பயப்பட மாட்டான்.

குற்றவாளிகளைப் பிடிப்பதே பெரிய தடுப்பு என்பதற்குக் கொங்குப் பகுதியைப் பாருங்கள். 2024 நவம்பரில் பல்லடம் அருகே தோட்டத்து வீட்டில் தாய், தந்தை, மகன் மூவரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். மாதங்கள் ஓடின, துப்புக் கிடைக்கவில்லை. 2025இல் சிவகிரி அருகே தோட்டத்து வீட்டில் முதிய தம்பதி கொல்லப்பட்டார்கள். பிறகு கைதானவர்களுக்குப் பல்லடம் கொலையிலும் தொடர்பு உண்டு என்று போலீஸே சொன்னது. அது நீதிமன்றத்தில் நிரூபணமானால், முதல் வழக்கு உடனே துலங்கியிருந்தால் இரண்டு உயிர் மிஞ்சியிருக்கும் என்று ஆகிறது. அப்போது விவசாயிகள் துப்பாக்கி லைசென்ஸ் கேட்டார்கள். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் தூக்கத்தில் தாக்கப்படும் எழுபது வயதுக்காரருக்குப் பெட்டியில் பூட்டியிருக்கும் துப்பாக்கி உதவாது. அது திருடனுக்கு இன்னொரு பொருளாகப் போகவும் கூடும். தனி வீட்டுக்குத் தெருவிளக்கு, நல்ல தாழ்ப்பாள், பக்கத்துத் தோட்டத்தை எழுப்பும் சைரன், போன் அடித்தால் எடுக்கும் ஸ்டேஷன், இவற்றை முதலில் கேட்போம்.

போலீஸுக்கு மக்கள் உதவ வேண்டும் என்பார்கள். சரிதான். கேரளப் பக்கத்தில் 2008 முதல் ஜனமைத்ரி திட்டம் இருக்கிறது. காவலர் வீடு வீடாகப் போய் அறிமுகம் செய்துகொள்வார். நம் பக்கத்தில் 1993இல் ராமநாதபுரத்தில் பிரதீப் பிலிப் தொடங்கிய போலீஸ் நண்பர்கள் குழு மாநிலம் முழுவதும் பரவியது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஊரடங்கில் நேரம் தாண்டிக் கடை திறந்திருந்தார்கள் என்று தந்தையையும் மகனையும் பிடித்துப் போய், காவலில் அடித்ததில் இருவரும் இறந்த பிறகு, போலீஸ் நண்பர்கள் மீதும் புகார் எழ, அடுத்த மாதமே அரசு அந்தக் குழுவைத் தடை செய்தது. வேலியே பயிரை மேய்ந்த கொடுமை அது. ஸ்டேஷனுக்குள் போக மக்கள் பயந்தால் புகார் வராது, புகார் வராவிட்டால் துப்பு வராது, துப்பு வராவிட்டால் குற்றம் குறையாது. எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைக்க 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தக் கேமரா ஓடுகிறதா என்று கேட்பது போலீஸுக்கு எதிரான பேச்சு ஆகாது. நேர்மையான காவலரையும் அதே கேமராதான் காப்பாற்றும்.

கடைசியாக, தோட்ட வேலைக்கு ஜீப்பில் போகும் அக்கா தங்கைகளே, உங்களுக்கு. விடியற்காலையில் தூக்குச்சட்டியோடு ஏறி, மாநில எல்லையைத் தாண்டி, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம் போய் இருட்டும் நேரத்தில் திரும்புகிறீர்கள். அங்கே மேஸ்திரியோ வேறு யாரோ தவறாக நடந்தால், அது கேரளாவில் நடந்தது, அங்கே போய்ச் சொல் என்று இங்கே யாரும் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு சொல்கிறது. போடி டவுன் ஸ்டேஷனிலோ குரங்கணி ஸ்டேஷனிலோ கொடுக்கலாம். அவர்கள் பதிவு செய்து சாந்தன்பாறைக்கு அனுப்புவார்கள். எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொல்லுங்கள். அவர்கள் எழுதி, உங்களுக்குப் படித்துக் காட்டி, பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். பாலியல் குற்றமென்றால் பெண் போலீஸ் அதிகாரிதான் எழுத வேண்டும். எப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும், கேட்டு வாங்குங்கள். பதிய மறுத்தால் அதே புகாரைத் தேனி எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் மனு போடலாம். அந்த மனுவை எழுதிக் கொடுக்க என்னைப் போன்றவர்கள் இருக்கிறோம். கூலி கேட்க மாட்டோம்.